வண்டி மறந்த சாவி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் ஹனீபா சாப்பாட்டு மேசையில் சொன்னதைப் படித்துவிட்டு, 'அப்பாடா, பெரியவர் மனசு இளகிவிட்டது' என்று பத்திரிகையை மூடிவைத்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அவர் சொன்னது இதுதான். சனிக்கிழமை மதியம் சாங்கி சரக்குக் கிடங்குக்கு மகள் ஃபஸீலா நேரத்துக்குச் சாப்பாட்டைக் கொண்டு சேர்த்து, அந்த வருடாந்தர ஒப்பந்தம் கிடைத்துவிட்டால் குடும்பத்தின் கேட்டரிங் தொழில் அவள் கைக்கு. தவறினால், மகன் ஜாஃபர் ஆசைப்படுகிறபடி அவனுடைய மச்சான் அஹ்சனின் கம்பெனியோடு சேர்த்துவிடுவது.

கேட்பதற்கு என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. மகளும் நம்பினாள். விடியும் முன்பே டன்லப் ஸ்ட்ரீட் சமையற்கட்டுக்கு வந்து, தம் போட்ட பிரியாணிச் சட்டிகளைப் பக்கத்தில் நின்று இறக்கி, பொட்டலங்களைச் சூட்டுப்பெட்டிகளில் அடுக்கி, பின்சந்தில் நின்ற வேனில் ஏற்றிவிட்டாள். கதவைச் சாத்தினாள். பிஸ்மி சொல்லி உட்கார்ந்தாள். சாவியைத் திருகினாள்.

இஞ்சின் சுற்றியது. ஒரு நொடி உறுமியது. அணைந்துவிட்டது.

மறுபடி திருகினாள். அதே கதை. மீட்டருக்குப் பக்கத்தில், பூட்டுப் போட்ட கார் மாதிரி ஒரு சின்னப் படம் சிவப்பாக வேகவேகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இந்த வேனை ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சிமிட்டலை அவள் பார்த்ததே இல்லை.

"பேட்டரிதான்லா."

சொன்னவர் பக்கத்துப் பூக்கடை கோவிந்தசாமி. சந்தின் வாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் எழுந்து வந்து பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருப்பார். இன்றைக்கு நாற்காலியைவிட்டு அசையவில்லை. காலையில் அவள் சொன்ன வணக்கத்துக்குக்கூடப் பூவைப் பார்த்தபடிதான் தலையாட்டியிருந்தார்.

"பேட்டரி இல்ல அங்கிள். இஞ்சின் நல்லா சுத்துது. லைட்டும் பளிச்சுனு எரியுது."

"அப்ப பெட்ரோல்."

"வியாழக்கிழமதான் ஃபுல் பண்ணேன்."

"நமக்கு எதுக்கு. சொன்னேன், அவ்வளவுதான்" என்று அவர் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

இவருக்கு என்ன வந்தது என்று யோசிக்க ஃபஸீலாவுக்கு நேரமில்லை. அண்ணனுக்குப் போன் செய்தாள். வேனுக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவளிடம், இன்னொன்று ஜாஃபரிடம்.

"அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகி ஸ்டார்ட் ஆகி நிக்குது. உங்க சாவிய எடுத்துட்டு வாங்களேன். என் சாவியில ஏதோ கோளாறு போல."

"அப்படியா" என்றான் ஜாஃபர். பதறவில்லை. என்ன, எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. "பழைய வண்டி, வேற எப்படி இருக்கும். நீ அத நோண்டிக்கிட்டு நிக்காத. அஹ்சன் மச்சான் வேன் வருது, அதுல மாத்திக்கலாம்."

"வேற வேன் கிடங்குக்குள்ள போக முடியாதுண்ணே. நம்ம வண்டி நம்பருக்குத்தானே பாஸ் குடுத்திருக்காங்க."

"மச்சான் வேனுக்கும் பாஸ் எடுத்தாச்சு."

ஃபஸீலா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"எப்ப எடுத்தீங்க? நான் அந்தப் பாஸ வாங்க ஒரு வாரம் அலைஞ்சேன்."

"இப்ப அதா முக்கியம்? அத்தாவும் நானும் வந்துக்கிட்டே இருக்கோம்."

வைத்துவிட்டான்.

சாப்பாடு போய்ச் சேர்ந்தால் சரி, எந்த வேனில் போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அஹ்சன் பெயர் எழுதிய வேனில் பிரியாணி போய் இறங்கினால், அதைச் சமைத்தது யாரென்று அங்கே ஒருவரும் கேட்கப்போவதில்லை. 'உன் வண்டி ஓடல, மச்சான்தான் மானத்தக் காப்பாத்தினாரு' என்று ராத்திரி அதே சாப்பாட்டு மேசையில் முடிவு சொல்லிவிடுவார்கள். கல்யாணமாகிப் போன பெண், நாளைக்குத் தொழில் அவள் மாமியார் வீட்டுக்குப் போய்விடும் என்று ஜாஃபர் சொல்லிச் சொல்லி அலுத்த பாட்டும் அதோடு முடிந்துவிடும்.

ஃபஸீலா அண்ணனுக்காகக் காத்திருக்காமல், தெரிந்த கார் எலெக்ட்ரீஷியன் ஒருத்தியை அழைத்தாள்.

பாக்கியலட்சுமி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். முப்பது வயதுக்காரி. ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிடுகிறவள். பேச்சில் பாதி தன் பெருமை.

"இந்தச் சிமிட்டுற லைட் பாத்தீங்களாக்கா? இது திருட்டுக்குப் போட்ட பூட்டு. இமொபிலைசர். சாவி தலைக்குள்ள பொடியா ஒரு சிப் இருக்கும். நீங்க சாவியப் போட்டதும் வண்டி அதுகிட்ட 'நீ யாரு'னு கேக்கும். பதில் சரியா வரலன்னா பெட்ரோல நிறுத்திரும். ஜுரோங்ல ஒருத்தர் இத தெரியாம ரெண்டு பேட்டரி மாத்திட்டாரு. நான் போய்ப் பாத்த நிமிஷத்துல சொல்லிட்டேன்."

"சரி, இப்ப இதுக்கு என்ன செய்யணும்?"

"உங்க சாவிக்கொத்து என்ன இவ்வளவு கனம்? லிஃப்ட் கார்டு, ஆபீஸ் டேக், எல்லாம் ஒண்ணாத் தொங்குது. பக்கத்துல இன்னொரு சிப் இருந்தா வண்டிக்குக் குழம்பிரும். அதுதான் பிரச்சன. பெட் வேணும்னாலும் கட்டுறேன்."

எல்லாவற்றையும் கழற்றி, வேன் சாவியை மட்டும் தனியாகப் போட்டார்கள். உறுமியது, அணைந்தது. நல்லவேளை, ஃபஸீலா பந்தயம் கட்டியிருக்கவில்லை.

பாக்கியலட்சுமியின் முகம் கொஞ்சம் சுருங்கிற்று. சாவியைப் போட்டுத் திருகாமல் பத்து நிமிடம் விட்டுப் பார்க்கலாம், சில வண்டிகள் தானாகச் சமாதானம் ஆகிவிடும் என்றாள். விட்டுப் பார்த்தார்கள். இந்த வண்டி சமாதானம் ஆகிற வண்டி இல்லை. பெட்டிகளுக்குள்ளே பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. சந்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவள் பையிலிருந்து கையடக்கமான ஒரு கருவியை எடுத்துச் சாவியின் தலையை அதன் மேல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"சிப் நல்லாத்தான் இருக்கு. பேசுது."

பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில் வயரைச் செருகி, ஸ்கேனரின் திரையைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா, இந்த வண்டிக்கு எத்தன சாவி?"

"ரெண்டு."

"வண்டிக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அது இது இல்ல."

ஃபஸீலாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அது எப்படி? வியாழக்கிழம இதே சாவியிலதானே ஓட்டினேன்."

"அப்ப வியாழக்கிழமைக்கு அப்புறம் யாரோ மெஷினப் போட்டு பழைய சாவியையெல்லாம் அழிச்சிருக்காங்க. அழிச்சிட்டு, ஒரே ஒரு சாவிய மட்டும் காட்டிப் புதுசா சேத்திருக்காங்க. இது தானா ஆகாதுக்கா. வேணும்னே செஞ்சாத்தான் ஆகும்."

"நீயே இப்ப என் சாவியச் சேத்துடு."

"அஞ்சு நிமிஷ வேல. ஆனா ஓனர் நேர்ல நிக்கணும். இல்லன்னா வண்டி திருடனுக்கெல்லாம் நான் சாவி போட்டுக் குடுக்கறதா ஆயிரும். வண்டி யார் பேர்ல இருக்கு?"

"எங்க அத்தா பேர்ல."

சொல்லிவிட்டு ஃபஸீலா வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை, அதாவது நேற்று, வண்டி அவளிடம் இல்லை. பாத்திஹாவுக்குப் போயிருந்தது.

வேன் வாங்கியதிலிருந்து வருடம் தவறாமல் நடக்கிற காரியம் அது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஹனீபா வண்டியைப் பள்ளிவாசல் முன்னால் நிறுத்துவார். தட்டில் சர்க்கரையும் பேரீச்சம்பழமும், நடுவில் சாவிகள். பள்ளிவாசல் ஹஜ்ரத் பாத்திஹா ஓதி, ஆபத்தில்லாமல் ஓட துஆ செய்வார். அந்தச் சர்க்கரை சந்திலுள்ள அத்தனை கடைக்கும் போகும். நேற்று ஃபஸீலா தன் சாவியையும் நீட்டினாள். 'வேணாம்மா, நீ வச்சுக்க' என்று அத்தா வாங்காமல் போனார். வயசாகிவிட்டது, மறதி என்று அவள் நினைத்துக்கொண்டாள். வண்டியை ஜாஃபர்தான் சாயங்காலம் கொண்டுவந்து சந்தில் விட்டுப் போனான்.

அவள் எழுந்து நேராகக் கோவிந்தசாமியிடம் போனாள்.

"அங்கிள், என் மேல என்ன கோவம்?"

"கோவமா? எனக்கென்ன கோவம்." நாரை முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சிலேயே கோபம் தெரிந்தது. "வருசா வருசம் உங்க வண்டிக்கு மாலை நான்தான் குடுக்கறேன். பாய் வந்து நின்னு வாங்கிட்டுப் போவாரு. நேத்து கட்டி வச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன். ஒருத்தர் வரல. வேற கடையில வாங்குனா வாங்கிக்குங்க, ஒரு வார்த்த சொல்லலாம்ல? ஒரு பொட்டலம் சர்க்கரை கூடக் கண்ணுல காட்டல."

"வேற கடையில வாங்கல அங்கிள்" என்றாள் ஃபஸீலா. "பாத்திஹாவே நடக்கல."

அதைச் சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அண்ணன் குழி பறிப்பான் என்பது அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிற கை. ஆனால் பாத்திஹா என்று சொல்லி வண்டியைக் கேட்டது அண்ணன் இல்லை.

அஹ்சனின் வேன் சந்துக்குள் நுழைந்தது. ஓட்டிவந்தது ஜாஃபர். பக்கத்தில் ஹனீபா, இஸ்திரி மடிப்புக் கலையாத ஜுப்பாவில்.

ஜாஃபர் இறங்கியதுமே, "கதவத் தொற, கதவத் தொற. பெட்டியெல்லாம் இதுல மாத்து. நேரமாச்சு" என்று கையைத் தட்டினான். பாக்கியலட்சுமியையும் அவள் கையிலிருந்த ஸ்கேனரையும் பார்த்ததும் தட்டிய கை நின்றது. "இது யாரு?"

"வண்டிய டெஸ்ட் பண்ண வந்தவங்க. என் சாவிய அழிச்சிருக்காங்கன்னு சொல்றாங்க."

"வாய்க்கு வந்தபடி உளறக்கூடாது மிஸ். சாவி ரிப்பேர்னா ரிப்பேர்னு சொல்லுங்க."

"உளறல் இல்ல சார்" என்றாள் பாக்கியலட்சுமி. அவளைத் தொழிலில் குறை சொன்னால் பொறுக்கமாட்டாள். "வண்டியில ஒரு சாவிதான் இருக்கு. உங்க சாவியப் போடுங்க. ஸ்டார்ட் ஆகலன்னா என் மெஷின இங்கயே போட்டு ஒடச்சிடறேன்."

"என்கிட்ட சாவி இல்ல."

அது பொய்யில்லை; சாவி இப்போது பெரியவரிடம் இருந்தது. ஃபஸீலா அண்ணனைப் பார்க்கவேயில்லை. அஹ்சனின் வேனிலிருந்து மெல்ல இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற தகப்பனிடம் போனாள்.

"அத்தா, நேத்து எந்தப் பள்ளில ஓதுனீங்க?"

ஹனீபா ஜுப்பா மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

"பூ வாங்கல. சர்க்கர வரல. ஹஜ்ரத்துக்குப் போன் போட்டுக் கேக்கவா?"

"வேணாம்" என்றார் அவர்.

"எங்க போனீங்க?"

"உபி ரோட்டுப் பக்கம் ஒரு கார் சாவிக் கடைக்கு."

"அத்தா, நீங்க சும்மா இருங்க" என்று ஜாஃபர் குறுக்கே வந்தான். "இவளுக்கு எதுக்கு விளக்கம்? வண்டி உங்களோடது. யார்கிட்ட சாவி இருக்கணும்னு நீங்க முடிவு பண்றீங்க. இதுல என்ன தப்பு?"

"தப்பே இல்லண்ணே. என்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருந்தா தப்பே இல்ல. போன வாரம் எல்லார் முன்னாடியும், நீ நேரத்துக்குப் போய்ச் சேரு, தொழில் உனக்குன்னு சொன்னது யாரு? சொல்லிட்டு, நான் போகாம இருக்க வண்டியப் பூட்டி வச்சது யாரு?"

"கொரலத் தாழ்த்திப் பேசு. ரோட்டுல நிக்கிறோம்" என்றான் ஜாஃபர்.

"இத்தன வருசமா இந்த ரோட்டுலதான் நான் அண்டா தூக்கறேன். இங்க பேசாம வேற எங்க பேசணும்?"

சந்தில் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். கோவிந்தசாமி பூவை மடியில் போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

ஹனீபா மகளைப் பார்க்காமல், வேனின் டயரைப் பார்த்தபடி பேசினார். "நீ ஜெயிச்சா ஜாஃபர் பொண்டாட்டி புள்ளைகளோட வீட்ட விட்டுப் போயிடறேன்னான். உன்கிட்ட இல்லன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. வண்டி ஓடலன்னா… வண்டி மேல பழி போயிடும்னு நெனச்சேன்மா. யாரும் யாரையும் குத்தம் சொல்ல வேண்டியதில்ல."

இதைக் கேட்டதும் ஃபஸீலாவுக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வரவில்லை. கோபம் வந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை கோபம்.

"வண்டி மேல பழி போயிருக்காதுத்தா. என் மேலதான் வந்திருக்கும். காலம் பூரா சொல்லிக்காட்டியிருப்பாங்க, ஒரு நாள் சாப்பாட்ட நேரத்துக்குக் கொண்டுபோக வக்கில்லாதவள்னு. நீங்களும் தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்திருப்பீங்க. அல்லாட பேரச் சொல்லியா என்கிட்ட வண்டிய வாங்குனீங்க?"

ஹனீபா வேன் கதவைச் சாத்தினார்.

பாக்கியலட்சுமி தொண்டையைக் கனைத்தாள். "ஓனர் சார் இங்கதான் நிக்கறாரு. சரின்னு ஒரு வார்த்த சொன்னா அக்கா சாவியையும் இப்பவே சேத்துடுவேன்."

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஹனீபா வீட்டில் காலங்காலமாகத் தீர்ப்பு சொல்லப்படுகிற விதமே இதுதான்.

ஃபஸீலா கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்கத்தா."

"குடுக்காதீங்க" என்றான் ஜாஃபர். "குடுத்தீங்கன்னா இன்னிக்கே நான் பெட்டியக் கட்டுறேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் நின்னா, உள்ள இருக்கற சோறு குப்பைக்குப் போகும். உங்க பேர்ல சமைச்ச சோறு. குடுக்கறதுன்னா குடுங்க, இல்லன்னா எல்லார் முன்னாடியும் வாயத் தொறந்து இல்லன்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையாவது எனக்கு நேர்ல சொல்லுங்க."

ஹனீபாவுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ஜுப்பாப் பைக்குள் கையை விட்டார். மகனுடைய சாவியை எடுத்து மகளின் உள்ளங்கையில் போட்டார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பாசத்தில் கொடுத்தாரா, சந்தே பார்க்கிறதே என்ற வெட்கத்தில் கொடுத்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கே தெரிந்திருக்காது.

ஜாஃபர் பாய்ந்து வந்தான். அதற்குள் அவள் உள்ளே ஏறிக் கதவைப் பூட்டிவிட்டாள். சாவியைத் திருகியதும் வண்டி ஒரே மூச்சில் ஸ்டார்ட் ஆனது. சிவப்பு விளக்கு அணைந்தே போனது. எதிரே வழியை அடைத்து நின்றது அஹ்சனின் வேன். அவள் ஹாரனை அழுத்தி அழுத்தி, கையை எடுக்காமல் அழுத்தினாள்.

"வண்டிய எடு தம்பி" என்றார் கோவிந்தசாமி. "சந்துல எல்லாருக்கும் வேல இருக்கு." அவர் பின்னால் இன்னும் நாலு கடைக்காரர்கள் நின்றார்கள். ஜாஃபர் பல்லைக் கடித்துக்கொண்டு மச்சானின் வேனைப் பின்னுக்கு எடுத்தான்.

*

எக்ஸ்பிரஸ்வேயில் போன் விடாமல் அடித்தது. அவள் எடுக்கவில்லை. சரக்குக் கிடங்கின் வாயிலில் காவலர் பாஸைப் பார்த்துக் கையசைத்தபோது மதிய உணவு நேரம் தொடங்கிவிட்டிருந்தது. ஷிஃப்ட் முடித்த ஆட்கள் மேசைகளில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

மேற்பார்வையாளர் மாணிக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பொட்டலத்தைத் திறந்தார், ஒரு வாய் தின்றார், மூடினார்.

"சாப்பாடு ஓகே. லேட்டா வந்தது ஓகே இல்ல."

"இனிமே லேட் ஆகாது சார்."

"எல்லா கேட்டரரும் இதத்தான் சொல்லுவாங்க. திங்கக்கிழம நான் உங்க ஓனருக்கே போன் பண்ணிப் பேசிக்கறேன். அவர் பொறுப்பு எடுத்துக்கறேன்னா பாப்போம்."

ஓனர் என்றால் ஹனீபாதான். விண்ணப்பத்தில் இருப்பது அவர் பெயர், அவர் நம்பர். ஃபஸீலா தலையாட்டிவிட்டு, காலிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டிக்கு வந்தாள். உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை அத்தா. எடுத்தாள்.

"போய்ச் சேந்துட்டியாமா?"

"சேந்துட்டேன்."

"நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத. திங்கக்கிழம காலையில அந்த மெக்கானிக் பொண்ண வரச்சொல்லு. நானே வந்து நிக்கறேன். பழையபடி ரெண்டு சாவியையும் போட்டுடலாம்."

"வாங்கத்தா. ஆனா நான் என் சாவிய மட்டுந்தான் எடுத்துட்டு வருவேன். இப்ப என் கையில இருக்கற அண்ணன் சாவியையும் அழிச்சிடச் சொல்லுவேன்."

"அப்ப ஜாஃபர்?"

"அவருக்குத்தான் மச்சான் வேன் இருக்கே. வரமுடிஞ்சா வாங்க. முடியாதுன்னா, மாணிக்கம் சார் போன் பண்ணும்போது இந்த வேலைக்கு எங்ககிட்ட ஆள் இல்லன்னு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. நான் வேற எடத்துல அடுப்பு வைக்கறேன்."

ஹனீபா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஜாஃபரின் குரல், மிகப் பக்கத்தில்.

"என்னத்தா, என்ன சொல்றா?"

அத்தா அவனுக்கு என்ன சொல்லப்போகிறார் என்று ஃபஸீலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.